‘மெட்டபாலிக் சப்போர்ட்’ அமினோ அமிலப் பொடி: லேபிளும் அதற்குப் பின்னால் உள்ள ஆதாரமும்

நான் இங்கே மதிப்பிடுவது 400 கிராம் டப்பாவில் வரும், மாம்பழச் சுவையூட்டிய ஓர் அமினோ அமிலப் பொடி. விலை 1,900 ரூபாய். கோவையில் ஜிம் ஒன்றை ஒட்டியிருக்கும் கடையில் வாங்கினேன். நெடுங்காலமாகத் தசைக்கென்று மட்டுமே விற்கப்பட்டுவந்த இந்த வகைப் பொடிகள் அண்மைக் காலத்தில் சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றைப் பற்றிக் கவலைப்படும் நடுத்தர வயதினரை நோக்கித் திரும்பியிருக்கின்றன. இந்த டப்பாவின் முகப்பிலும் ஒரு பச்சை இலை, கீழ்நோக்கி இறங்கும் ஒரு வரைகோடு, ‘மெட்டபாலிக் சப்போர்ட்’ என்ற சொற்கள் ஆகியவை இருக்கின்றன. எனக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 6.1 என்று வந்திருப்பதால், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பதால், அந்த வரைகோடு குறிவைப்பது என்னைப் போன்றவர்களைத்தான். “இதையே எடுத்துக்குங்கண்ணா, சுகர் இருக்கறவங்க நிறையப் பேர் வாங்கிட்டுப் போறாங்க” என்று கடையில் இருந்த தம்பியும் சொன்னார்.

பொடியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. இதே கலவையைச் சற்றே மாற்றி வேறு பெயர்களில் விற்கும் டப்பாக்கள் சந்தையில் ஏராளமாக இருப்பதால், பெயரைவிட உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசுவதே பயன்தரும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆரோக்கியமான ஒருவருக்கு இந்த அளவில் இது பெரிய தீங்கு எதையும் செய்யாது என்றே நினைக்கிறேன், ஆனால் முகப்பில் சொல்லப்படும் பயனுக்கு வேண்டிய பொருள் வேண்டிய அளவில் உள்ளே இல்லை, அதிகமாக இருக்கும் பொருளுக்கோ அந்தப் பயன் இருப்பதாக ஆதாரம் இல்லை.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் கதை மாறிவிடுகிறது. 10 கிராம் கொள்ளும் ஓர் அளவுக் கரண்டியில் லூசின் 2.5 கிராம், ஐசோலூசின் 1.25 கிராம், வேலின் 1.25 கிராம் என்று 2:1:1 விகிதத்தில் மொத்தம் 5 கிராம் கிளைத்தொடர் அமினோ அமிலங்கள் இருக்கின்றன, ஜிம்மில் பி.சி.ஏ.ஏ. என்று சொல்வது இவற்றைத்தான். அதற்குக் கீழே ‘மெட்டபாலிக் பிளெண்ட்’ என்ற தலைப்பில் கிளைசீன், டாரின், எல்-அர்ஜினைன், சிட்ரூலின் ஆகிய நான்கின் பெயர்களும் அடுத்தடுத்து வருகின்றன. நான்குக்கும் சேர்த்து 2.5 கிராம் என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். எதில் எவ்வளவு என்பது இல்லை. எஞ்சிய 2.5 கிராமில் சிட்ரிக் அமிலம், சுக்ரலோஸ், நிறமூட்டி, இவற்றுக்கெல்லாம் முன்னதாக மால்டோடெக்ஸ்ட்ரின். உட்பொருள்களை எடையின் இறங்கு வரிசையில்தான் எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே எஞ்சிய பகுதியில் பெரும்பங்கு மால்டோடெக்ஸ்ட்ரின் என்று கொள்வதில் தவறில்லை. மாவுச்சத்தை உடைத்துச் செய்யப்படும் இந்தப் பொருள் ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் குளுக்கோஸுக்குச் சளைத்ததல்ல. இரண்டு கிராம் என்பது சிறிய அளவுதான் என்றாலும், சர்க்கரைக்கென்று விற்கும் பொருளில் அதை நிரப்பியாகப் போட வேண்டிய அவசியம் என்ன என்பது எனக்குப் புரியவில்லை.

நான்கு பொருள்களின் தனித்தனி அளவைக் கேட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வணிக ரகசியம் என்று பதில் வந்தது. அடுத்த முறை வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி தருவதாகவும் எழுதியிருந்தார்கள். அதே டப்பாவின் பின்புறத்தில், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணுக்குப் பக்கத்தில், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகம் கடுகளவு எழுத்தில் இருக்கிறது. துணை உணவு வகைகளுக்கு இந்த வாசகம் கட்டாயம். முகப்பில் இருக்கும் இறங்குமுக வரைகோடு எதைக் குறிக்கிறது என்று சட்டப்படி யாரும் கேட்க முடியாதபடி, அதன் அச்சுகளில் எந்தப் பெயரும் எழுதப்படவில்லை.

கரைப்பதிலும் குடிப்பதிலும் சொல்வதற்கு அதிகமில்லை. கிளைத்தொடர் அமிலங்கள் தண்ணீரோடு எளிதில் ஒட்டாதவை. ஆகவே குலுக்கி முடித்தபின்னும் மேலே ஒரு மெல்லிய படலமும் கோப்பையின் ஓரத்தில் வெள்ளைப் பொருக்கும் நிற்கின்றன. முதல் வாயில் மாம்பழமும் சுக்ரலோஸின் தூக்கலான இனிப்பும் தெரிகின்றன. விழுங்கியபின் நாக்கின் அடியில் லூசினின் கசப்பு தங்குகிறது. வெறும் வயிற்றில் குடித்தால் சிறிது நேரம் குமட்டுகிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டப்பாவில் பாதியை நிரப்பியிருக்கும் இந்த மூன்று அமிலங்களுக்கும் வளர்சிதை மாற்றத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தத் தொடர்பு விளம்பரம் சொல்லும் திசையில் இல்லை. 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நியூகார்டு குழுவினர், உடல் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும், அதாவது இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலையும், உள்ளவர்களின் ரத்தத்தில் கிளைத்தொடர் அமிலங்களும் அவற்றின் சிதைபொருள்களும் மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். அதே ஆய்வில், கொழுப்பு மிகுந்த உணவோடு இந்த அமிலங்களையும் சேர்த்துக் கொடுத்த எலிகள் குறைவாகவே தின்று, எடையும் குறைவாகவே கூடியும், கொழுப்புணவை மட்டும் தின்று பருத்த எலிகளுக்கு நிகராக இன்சுலின் எதிர்ப்புக்கு ஆளாயின. 2011-இல், அமெரிக்காவில் நெடுங்காலமாக நடந்துவரும் ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வில் பங்கேற்றவர்களின் பழைய ரத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, லூசின், ஐசோலூசின், வேலின், டைரோசின், ஃபினைல்அலனின் ஆகிய ஐந்தின் அளவுகள், சர்க்கரை நோய் வெளிப்படுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் வரை முன்னதாகவே அந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டியது தெரியவந்தது. அவற்றில் மூன்றின் கூட்டளவு மிக உயர்ந்திருந்த காற்பங்கினருக்கு ஆபத்து ஐந்து மடங்குக்கும் அதிகமாக இருந்தது.

இதைப் படித்தவுடன் பி.சி.ஏ.ஏ. குடித்தால் சர்க்கரை நோய் வரும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ரத்தத்தில் இந்த அமிலங்கள் தேங்குவதற்கு நாம் உண்பது மட்டும் காரணமல்ல. இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலில், குறிப்பாகக் கொழுப்புத் திசுவில், இவற்றைச் சிதைக்கும் நொதிகளே மந்தமாகிவிடுகின்றன. ஆகவே தேக்கம் நோயின் காரணமா விளைவா என்பதில் இரு பக்கமும் சான்றுகள் உண்டு. மறுபுறம், லூசின் செல்லுக்குள் இருக்கும் எம்டார் என்ற வளர்ச்சி விசையைத் தூண்டுவதும், அந்த விசை ஓயாமல் இயங்கிக்கொண்டே இருந்தால் இன்சுலினின் செய்தி உள்ளே போய்ச் சேர்வது தடைப்படுவதும் நன்கு அறியப்பட்டவை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் லாமிங் குழுவினர் ஐசோலூசினைக் குறைத்த உணவைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டது. 2023-இல் வெளியான தொடர் ஆய்வில் ஆயுளும் கூடியது, ஆண் எலிகளில் 33 சதவீதமும் பெண் எலிகளில் 7 சதவீதமும். எலியில் கண்டது மனிதனுக்குப் பொருந்தியாக வேண்டும் என்பதில்லை. ஆனால் ஆய்வுலகம் குறைத்துப் பார்க்க முயலும் ஓர் அமிலத்தை, சர்க்கரைக்கு உதவும் என்று கூடுதலாகக் கரைத்துக் குடிக்கச் சொல்வது விந்தைதான்.

தசைக்காவது உதவுமா என்றால், அங்கேயும் அரைகுறைதான். தசைப் புரதம் உருவாக ஒன்பது இன்றியமையாத அமினோ அமிலங்களும் ஒரே நேரத்தில் வேண்டும். மூன்றை மட்டும் கொடுத்தால், மீதி ஆறையும் உடல் தன் சொந்தத் தசையைக் கரைத்துத்தான் எடுத்துக்கொள்ள நேரிடும். முட்டையிலும் பாலிலும் மீனிலும் ஒன்பதும் சேர்ந்தே கிடைக்கின்றன.

நான்கு பொருள் கலவையில்தான் உண்மையில் கவனிக்கத்தக்க சரக்கு இருக்கிறது. ஹூஸ்டனில் உள்ள பேலர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராஜகோபால் சேகர், கிளைசீனையும் என்-அசிட்டைல்சிஸ்டீனையும் சேர்த்துக் கொடுத்து முதியவர்களிடம் பல ஆண்டுகளாக ஆய்வு செய்துவருகிறார். உடலின் முதன்மையான ஆக்சிஜனேற்றத் தடுப்பியான குளூட்டாதயோன் முதுமையிலும் சர்க்கரை நோயிலும் குறைந்துவிடுகிறது. அதைக் கட்டும் மூன்று செங்கற்களில் இரண்டை இவை தருகின்றன. பதினாறு வாரம் நடந்த ஓர் ஆய்வில் இன்சுலின் எதிர்ப்பு குறைந்தது, நடை வேகம் கூடியது என்றெல்லாம் முடிவுகள் வந்திருக்கின்றன. ஆனால் அதில் கலந்துகொண்ட முதியவர்கள் 24 பேர் மட்டுமே. நூற்றுக்கு மேற்பட்ட ஆரோக்கியமான முதியவர்களிடம் வேறொரு குழு இரண்டு வாரம் நடத்திய சோதனையில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது குளூட்டாதயோன் அளவு எதிர்பார்த்தபடி உயரவில்லை. சான்று நம்பிக்கை தருவதாக இருந்தாலும் இன்னும் இளையது. அதைவிட முக்கியமாக, சேகர் கொடுத்த கிளைசீனின் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 6 கிராம். நம் டப்பாவிலோ நான்கு பொருளுக்கும் சேர்த்தே 2.5 கிராம், என்-அசிட்டைல்சிஸ்டீன் துளிகூட இல்லை. நம் ஊர் மருந்துக் கடைகளில் அது சளியைக் கரைக்கும் மாத்திரையாகத் தண்ணீரில் நுரைத்துக்கொண்டு கிடக்கிறது.

டாரினின் கதை இதைவிடச் சுவையானது. புரதத்தைக் கட்டப் பயன்படாததால் இலக்கணப்படி இதைப் பிற அமினோ அமிலங்களோடு ஒரே வரிசையில் வைக்க முடியாது. ஆனாலும் எல்லா டப்பாவிலும் இருக்கும். 2023-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஜய் யாதவ் தலைமையிலான குழு, வயது ஏற ஏற டாரின் குறைகிறது, அதை ஈடுகட்டினால் எலிகளின் ஆயுள் கூடுகிறது என்று சொன்னபோது உலகெங்கும் டாரின் டப்பாக்கள் பறந்தன. 2025-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மனிதர், குரங்கு, எலி ஆகியவற்றின் மாதிரிகளைப் பார்த்துவிட்டு, வயதோடு டாரின் ஒரே சீராகக் குறைவதில்லை, பலரிடம் நிலையாகவோ கூடியோ இருக்கிறது என்று எழுதினார்கள். முதுமையை விட்டுவிட்டு வளர்சிதை மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், இந்த நான்கிலும் டாரினுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் தருவேன். 25 சோதனைகளைச் சேர்த்து 2024-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், மேல் ரத்த அழுத்தம் ஏறத்தாழ 4 புள்ளியும், வெறும் வயிற்றுச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமும், டிரைகிளிசரைடு 18 மில்லிகிராமும் குறைந்திருந்தன. மிதமான பலன்தான், இருந்தாலும் பலன். அந்தச் சோதனைகளில் கொடுக்கப்பட்ட அளவு நாளுக்கு அரை கிராமிலிருந்து 6 கிராம் வரை இருந்தது. இந்தப் பொடியில் எவ்வளவு என்று தெரியாததால், அந்தப் பலனை இதற்கு எழுதிவைக்கவும் வழியில்லை.

அர்ஜினைனைப் பற்றி மட்டும் எச்சரிக்கையாகவே எழுத வேண்டியிருக்கிறது. குளுக்கோஸ் சகிப்புத்தன்மை குறைந்தவர்களுக்கு நாளுக்கு 6.4 கிராம் வீதம் பதினெட்டு மாதம் கொடுத்த ஓர் இத்தாலிய ஆய்வில், சர்க்கரை நோய் வருவது குறையவில்லை. ஆனால் இயல்பு நிலைக்குத் திரும்பியவர்களின் எண்ணிக்கை கூடியது. அது ஒரு பக்கம். மறுபக்கத்தில், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், மாரடைப்பு வந்து பிழைத்த 153 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அர்ஜினைன் எடுத்துக்கொண்டவர்களில் ஆறு பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. எண்ணிக்கை சிறியது, தற்செயலாகவும் இருந்திருக்கலாம் என்றாலும், மாரடைப்புக்குப் பின் இதைக் கொடுக்கக் கூடாது என்றே அவர்கள் முடிவாக எழுதினார்கள். சர்க்கரை இருப்பவர்களில் இதய நோயும் சேர்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். அவர்களை நோக்கி விற்கும் டப்பாவில் அர்ஜினைனின் அளவையே மறைப்பது, என் பார்வையில், இந்தப் பொருளின் ஆகப் பெரிய குறை.

என் சொந்த அளவீடுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. காலை உணவுக்கு முன் குடித்த நாட்களிலும் குடிக்காத நாட்களிலும் இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டர் காட்டிய எண்கள் ஒன்றையொன்று தழுவியே இருந்தன. இட்லியின் எண்ணிக்கைதான் அவற்றை மாற்றியது. ஒரு தனி ஆளின் விரல் நுனி ரத்தம் எதையும் நிரூபிக்காது. உணவுக்கு முன் புரதம் எடுப்பது வேலை செய்யும் உத்திதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இஸ்ரேலில் 15 சர்க்கரை நோயாளிகளுக்குக் காலை உணவுக்கு முன் மோர்ப் புரதம், அதாவது வே புரோட்டீன், 50 கிராம் கொடுத்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 28 சதவீதம் குறைந்ததாக 2014-இல் வெளியிட்டார்கள். அந்த 50 கிராம் முழுப் புரதத்துக்கும் இந்த ஒரு கரண்டிப் பொடிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

தூய்மை பற்றிய கேள்வி அமினோ அமிலங்களுக்குப் பழையது. 1989-இல் அமெரிக்காவில் எல்-டிரிப்டோஃபான் மாத்திரை எடுத்தவர்களுக்குக் கடுமையான தசை வலியும் ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு மிகுதியும் ஏற்பட்டு, 1,500-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். குறைந்தது 37 பேர் இறந்தார்கள். விசாரணை, ஜப்பானின் ஒரே தொழிற்சாலைச் சரக்கில் இருந்த மாசுகளை நோக்கி நீண்டது. அமினோ அமிலம் என்பதாலேயே உடலுக்கு இயல்பானது, ஆகவே தீங்கற்றது என்ற வாதத்தை அதற்குப் பின்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்தில், கேரளத்தின் கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஏபி பிலிப்ஸும் உடன் ஆய்வாளர்களும் இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-இல் வெளியிட்ட முடிவு பரவலாகப் பேசப்பட்டது: ஏறத்தாழ 70 சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரத அளவு சரியில்லை, 14 சதவீதத்தில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு, 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சம். நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடும் பழைய முறையை ஏமாற்ற, விலை மலிவான கிளைசீனையும் டாரினையும் புரதப் பொடியில் கலந்துவிடும் வழக்கம் உண்டு. அங்கே கலப்படமாகக் கருதப்படும் அதே இரண்டும் இங்கே ‘மெட்டபாலிக் பிளெண்ட்’ என்ற பெயரில் முன்வரிசைக்கு வந்துவிட்டன. நான் வாங்கிய டப்பாவில் தொகுதி எண் இருந்தது. அந்தத் தொகுதியின் ஆய்வகச் சோதனை முடிவைக் கேட்டதற்குத்தான் இன்றுவரை பதில் இல்லை.

அளவைப் பொறுத்தவரை பயப்படத் தேவையில்லை. ஆரோக்கியமான இளைஞர்களிடம் செய்த சோதனைகளில், லூசின் நாளுக்குக் கிலோவுக்கு 500 மில்லிகிராமைத் தாண்டியபோதுதான் ரத்தத்தில் அம்மோனியா கூடத் தொடங்கியது. 60 கிலோ ஆளுக்கு 30 கிராம். ஒரு கரண்டி அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் சிலர் இதைத் தொடவே கூடாது. பிறவியிலேயே கிளைத்தொடர் அமிலங்களைச் சிதைக்க இயலாத மேப்பிள் சிரப் சிறுநீர் நோய் உள்ளவர்களுக்கு இது நஞ்சு. சிறுநீரகம் பழுதுபட்டு, புரதத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவர்களுக்கு, குடலிலும் மூளையின் வாசலிலும் இந்த அமிலங்கள் அந்த மருந்தோடு போட்டியிட்டு அதன் வேலையைக் கெடுக்கும். ரத்த அழுத்த மாத்திரையோ நெஞ்சுவலிக்கான நைட்ரேட்டோ எடுப்பவர்களுக்கு அர்ஜினைனும் சிட்ரூலினும் அழுத்தத்தை இன்னும் தாழ்த்திவிடலாம். இவற்றில் ஒன்றுகூட லேபிளில் இல்லை. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டும் என்ற வழக்கமான ஒற்றை வரி மட்டும் இருக்கிறது. எதிர்மாறாக, ஈரல் சுருக்கத்தில் மூளை குழம்பும் நிலைக்குப் போகும் நோயாளிகளுக்கு இதே கிளைத்தொடர் அமிலங்களை ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் சிகிச்சையாகவே பரிந்துரைக்கின்றன. அங்கே அது மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும் மருந்து.

விலையைக் கணக்கிட்டால் ஒரு கரண்டி 47 ரூபாய் 50 காசு. அந்தப் பணத்தில் நாமக்கல் முட்டை ஆறு வாங்கலாம். ஏறத்தாழ 36 கிராம் முழுப் புரதம், அதில் 3 கிராம் லூசின். முட்டை தொடாதவர்கள் மீல் மேக்கரையோ சுண்டலையோ பனீரையோ கணக்கிட்டுக்கொள்ளலாம். நம் தட்டில் புரதம் குறைவு என்பது மெய்தான், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இண்டியாப்’ (INDIAB) ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2022-இல் சென்னை ஆய்வாளர்கள் செய்த கணக்கீட்டில், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் இயல்புக்குத் திரும்ப மாவுச்சத்தை 50 முதல் 56 சதவீதத்துக்கு இறக்கி, புரதத்தை 18 முதல் 20 சதவீதத்துக்கு உயர்த்த வேண்டும் என்று வந்தது. அது உணவுத் தட்டில் செய்ய வேண்டிய மாற்றம். ஒரு கரண்டிப் பொடியால் அந்த விகிதம் பெரிதாக நகராது. சென்னையில் ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட தடுப்பு ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் வரும் ஆபத்தை 28.5 சதவீதம் குறைத்தன, சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் 26.4 சதவீதம் குறைத்தது. எந்த அமினோ அமிலப் பொடிக்கும் இதற்கு நிகரான ஒரு சோதனை நம் மக்களிடம் நடந்து நான் படித்ததில்லை.

பத்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். அதில் இரண்டு, பி.சி.ஏ.ஏ. அளவையாவது வெளிப்படையாக எழுதியதற்காக. நான்கு பொருள்களின் அளவையும் தனித்தனியாக எழுதி, மால்டோடெக்ஸ்ட்ரினை நீக்கி, அர்ஜினைன் பற்றிய எச்சரிக்கையை அச்சிட்டு, தொகுதிவாரிச் சோதனை முடிவைக் க்யூ.ஆர். குறியில் தந்தால் மறுபடியும் வாங்கிப் பார்க்க எனக்குத் தடையில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டு, இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ இல்லாமல் இருப்பவர்கள் பதற்றப்பட வேண்டியதில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் குமட்டல் குறையும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டோடு இந்த டப்பாவின் பின்பக்கத்தையும் படம் பிடித்துக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கள். சர்க்கரைக்கான மாத்திரையை இதை நம்பி நிறுத்த வேண்டாம்.